பெண்கள் பக்கத்துக் கணினி

எங்கள் ஊர்க் கலியாண வீடுகளில் ஆண்கள் பக்கத்தைப் படம் பிடிக்க ஆளுக்குப் பஞ்சமில்லை. கல்முனைப் பட்டினத்தில் மட்டும் எத்தனையோ ஸ்டூடியோக்கள் இருக்கின்றன. பெண்கள் பக்கத்துக்குத்தான் ஆள் கிடைப்பது கஷ்டம். அங்கே மணப்பெண் முக்காடு இல்லாமல், தலை நிறையப் பூவும் கழுத்து நிறைய நகையுமாக இருப்பாள். தெருவில் அபாயாவோடு மட்டுமே கண்ட மாமிமாரும் மச்சிமாரும் பட்டுச்சாரி உடுத்து, ஒருவர் தோளில் ஒருவர் சாய்ந்து சிரித்துக்கொண்டிருப்பார்கள். அந்தக் கதவுக்குள்ளே கமராவோடு ஓர் ஆண் போக முடியாது. நானும் என் தங்கையும் போகிறோம். நான் கமரா பிடிப்பேன், அவள் லைட் பிடிப்பாள், மணப்பெண்ணுக்கு மேக்கப்பும் போடுவாள்.

சாய்ந்தமருதில், கடற்கரையிலிருந்து இரண்டு குறுகலான ஒழுங்கை தாண்டி எங்கள் வீடுகள். மதிலுக்கு இந்தப் பக்கம் நான், அந்தப் பக்கம் அவள். மதிலில் போய்வர ஒரு சின்ன வாசல் வைத்திருக்கிறோம். என் கணவர் பேக்கரியில் வேலை செய்கிறார். அதிகாலைச் சுபஹுத் தொழுகையோடு போனால் பகல் சாப்பாட்டுக்குத்தான் வருவார். அந்த நேரம் வீடு எனக்கும் கணினிக்கும் சொந்தம்.

படம் எடுப்பதைவிட எடுத்ததைப் பாதுகாப்பதுதான் பெரிய வேலை என்று தொழிலுக்கு வந்த பிறகுதான் தெரிந்தது. ஒவ்வொரு கலியாணம் முடிந்த பிறகும் மணப்பெண்ணின் உம்மா என்னைத் தனியே கூப்பிட்டு ஏதாவது சொல்லுவார். சிலர் நேராகச் சொல்லுவார்கள், சிலர் சுற்றிவளைப்பார்கள். சொல்ல வருவது ஒன்றுதான்: இது வேறு யார் கண்ணிலும் படக்கூடாது. அதனால் என் கணினிக்கு இன்டர்நெட் கிடையாது. அது இருக்கும் அறைக்குப் பூட்டு உண்டு. வீடியோவை வெட்டி ஒட்டித் தயார்செய்து, உம்மாவின் கையில் நானே கொண்டுபோய்க் கொடுப்பேன். அவர்கள் பார்த்துத் திருப்தி சொன்ன பிறகு என்னிடம் இருப்பதை அழித்துவிடுவேன்.

புதுக் கமரா வாங்கும்வரை எல்லாம் ஒழுங்காக நடந்தது. புதுக் கமராவில் படம் கண்ணாடி போலத் தெளிவாக வந்தது. ஆனால் அந்தத் தெளிவைச் சுமக்க என் பழைய கணினிக்குப் பலமில்லை. திறக்கவே மூச்சு வாங்கும். ஒரு காட்சியை வெட்டி இன்னொரு இடத்தில் வைத்தால், நான் போய்ச் சோற்றுக்கு உலை வைத்துவிட்டு வந்தாலும் அது அப்படியே யோசித்துக்கொண்டிருக்கும்.

அந்த மாதம் எங்கள் கையில் இருந்தது ஒரு பெரிய கலியாணம். மாப்பிள்ளைக்குக் கத்தாரில் வேலை. பெண்ணையும் உடனே கூட்டிக்கொண்டு போகிறார். பெண்ணின் உம்மா, மகள் புறப்படுவதற்கு முன் வீடியோ வேண்டும் என்று கேட்டிருந்தார். கலியாணத்தன்றே சமையலறை வாசலில் வைத்து என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டு, "மகள், எங்கட வீட்டுப் பொம்புளயள் எல்லாம் உங்கட கமராக்குள்ள இரிக்கிறாங்க. இது உங்கட கையில அமானிதம்," என்றார். அமானிதம் என்றால் நம்பி ஒப்படைத்த பொருள். எங்களுக்குள் அது லேசான சொல் இல்லை.

மாப்பிள்ளை வந்திறங்கும் இடத்தில் பெண்கள் எல்லோரும் சேர்ந்து குரவை போடுகிற காட்சி. அதை ஓடவிட்டேன். பெண்ணின் சாச்சி, அதாவது சின்னம்மா, வாயைக் குவித்து நாக்கைச் சுழற்றிய இடத்தில் திரை அப்படியே நின்றுவிட்டது. சத்தம் மட்டும் நிற்கவில்லை. குரவையின் அந்தச் சின்னத் துண்டு திரும்பத் திரும்ப, திரும்பத் திரும்ப ஒலித்தது. எந்தப் பொத்தானுக்கும் கணினி அசையவில்லை. அடுத்த வளவிலிருந்து ஒரு பெண் எட்டிப் பார்த்து, யாருக்குக் கலியாணம், எனக்கு ஏன் சொல்லவில்லை என்று கேட்டார். கடைசியில் சுவரில் போய் சுவிட்சை நிறுத்தினேன்.

மறுபடி போட்டபோது கணினியின் உள்கணக்கைக் காட்டும் பகுதியைத் திறந்து பார்த்தேன். மற்றதெல்லாம் ஓரளவு இருந்தது. நினைவகம் என்ற கோடு மட்டும் உச்சியில் முட்டிக்கொண்டு நின்றது. போனில் தமிழ் வீடியோக்கள் பலவற்றைப் பார்த்தேன். ஹார்ட் டிஸ்க்கில் எவ்வளவு இடம் இருந்தாலும், வேலை நடக்கும்போது எடுத்துப் பரப்பி வைக்கிற இடம் வேறு, அதுதான் ரெம், அது போதிய அளவு காணாவிட்டால் கணினி இப்படித்தான் திணறும் என்று விளங்கியது. பக்கத்தில் நின்று கேட்டுக்கொண்டிருந்த தங்கைக்கு என்னைவிட வேகமாக விளங்கிவிட்டது.

"சட்டி பெருசுதான் ராத்தா. சகன்தான் காணாது," என்றாள்.

சகன் என்பது கலியாணத்தில் ஐந்தாறு பேர் சுற்றியிருந்து ஒன்றாகச் சாப்பிடுகிற பெரிய தட்டு. அவள் சொன்னது சரிதான். ஒரு சகன் சோற்றை நான் சின்னப் பீங்கானில் போட்டுத் தின்னப் பார்த்திருக்கிறேன்.

கணவரிடம் சொன்னேன். அடுத்த நாளே பேக்கரியிலிருந்து வரும் வழியில் பட்டினத்தில் ஒரு கணினிக் கடையில் விசாரித்துவிட்டு வந்தார். கணினிப் பெட்டியைக் கொண்டுவந்து வைத்துவிட்டுப் போகச் சொன்னார்களாம். திறந்து பார்த்து, எந்த வகை என்று கண்டு, போட்டு, ஓட்டிப் பார்த்துத் தருவார்களாம். பின்னேரமே மோட்டார் சைக்கிளில் கொண்டுபோகலாம் என்றார். நான் முடியாது என்றேன்.

கணவருக்கு முதலில் புரியவில்லை. சோற்றில் கை வைத்தபடி என்னைப் பார்த்தார்.

"அந்தக் கடைப் பொடியன் நல்ல பொடியன் புள்ள. நம்மட பள்ளிக்குத்தான் தொழ வாறான்."

"ஓம், நல்ல பொடியனாத்தான் இரிப்பான். ஆனா அந்தப் புள்ளைட உம்மா என்ட கையிலதானே தந்தாங்க. அவன்ட கையில இல்லையே."

அவர் சாப்பிட்டு முடித்தார். கை கழுவிவிட்டு வந்து, அப்படியென்றால் ஹார்ட் டிஸ்க்கை மட்டும் கழற்றி வைத்துவிட்டு மிச்சப் பெட்டியைக் கொண்டுபோனால் என்ன என்று கேட்டார். நல்ல யோசனைதான். ஆனால் ஹார்ட் டிஸ்க்கைக் கழற்ற முதலில் பெட்டியைத் திறக்க வேண்டும், எது ஹார்ட் டிஸ்க் என்று தெரிய வேண்டும். அவ்வளவு செய்யத் தெரிந்தவளுக்கு ரெம்மைப் போடத் தெரியாமல் போகுமா என்ற எண்ணம் அப்போதுதான் எனக்கு வந்தது. அவரிடம் சொன்னேன். அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. கேலிச் சிரிப்பு இல்லை. எங்கள் வீட்டு மிக்ஸியை நான் திறந்த நாளை நினைத்திருப்பார்.

அடுத்த நாள் காலை, பிள்ளைகள் பள்ளிக்கூடம் போன பிறகு, தங்கை தன் தையல் மெஷின் லாச்சியில் இருந்த ஸ்குரூட்ரைவரோடு வந்தாள். வயர்கள் எல்லாவற்றையும் கழற்றினோம். எந்த வயர் எங்கிருந்து வந்தது என்பதை ஒவ்வொன்றாகப் படமெடுத்தேன். எடுப்பதற்குத்தானே பழகியிருக்கிறோம். உடம்பில் இருக்கும் மின்சாரம் உள்ளே பாய்ந்தால் தகடு கெட்டுப்போகும், இரும்பைத் தொட்டுவிட்டு வேலை செய்யுங்கள் என்று வீடியோவில் சொல்லியிருந்தார்கள். ஆகவே இருவரும் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றோம். இப்போது நினைத்தால் சிரிப்பு வருகிறது. பஸ்ஸில் நின்றுகொண்டு போகிறவர்கள் போல நின்றோம்.

பக்கத் தகடு கழன்று வந்தது. உள்ளே கறுப்புத் தூசி படர்ந்து கிடந்தது. தூசியோடு மணலும் இருந்தது. கடற்காற்று அடிக்கிற ஊரில் எதைத் திறந்தாலும் மணல் இருக்கும், ஆனால் பூட்டிய அறைக்குள் பூட்டிய பெட்டிக்குள்ளும் வந்து குடியிருக்கும் என்று நான் நினைக்கவில்லை. தங்கை தன் மேக்கப் பையிலிருந்து பழைய பவுடர் பிரஷ் ஒன்றைக் கொண்டுவந்தாள். எத்தனையோ மணப்பெண்களின் கன்னத்தில் ஓடிய பிரஷ் அது. அதே மெதுவான கையோடு மதர்போர்டின் தூசியைத் தட்டிவிட்டாள்.

ரெம் எது என்று தேட வேண்டியிருக்கவில்லை. விரல் நீளத்தில் ஒரு பச்சைத் தகடு செங்குத்தாக நின்றது. அதற்குப் பக்கத்தில் அதே மாதிரி இன்னொரு இடம், வெறுமையாக இருந்தது. இத்தனை காலமும் அந்த இடம் சும்மா கிடந்திருக்கிறது என்று கண்டபோது எனக்குச் சந்தோஷமாகவும் இருந்தது, கொஞ்சம் கோபமாகவும் இருந்தது.

தகட்டின் மேல் ஒட்டியிருந்த எழுத்துக்கள் எறும்பைவிடச் சின்னவை. மோதிரங்களையும் மருதாணிக் கோடுகளையும் கிட்ட வைத்து எடுக்கிற லென்ஸ் ஒன்று என்னிடம் இருக்கிறது. அதை மாட்டினேன். தங்கை லைட்டைச் சரித்துப் பிடித்தாள். மணப்பெண்ணின் கையைப் படமெடுக்கிற அதே கவனத்தோடு அந்தத் தகட்டை முன்னும் பின்னும் எடுத்தோம். எடுப்பதற்கு முன் கமராவில் இருந்த மெமரி காட்டைக் கழற்றி அலுமாரியில் வைத்துவிட்டு, ஒன்றுமே இல்லாத வேறொரு காட்டைப் போட்டிருந்தேன்.

அது எவ்வளவு நல்லது என்று, கணவர் விசாரித்த அந்தக் கடைக்குக் கமராவைக் கொண்டுபோனபோதுதான் தெரிந்தது. கடைக்காரர் என்னைவிட வயதில் இளையவர், மரியாதையான மனிதர். கமராவை நீட்டியதும் வாங்கிப் பார்த்தார். பெரிதாக்கிப் பார்த்தார். பிறகு பழக்கதோஷத்தில் அடுத்த படத்துக்குப் போகிற பொத்தானை அமத்தினார். அடுத்ததும் தகடு. அதற்கடுத்ததும் தகடு. நான் மனதுக்குள் அல்ஹம்துலில்லாஹ் சொன்னேன்.

எழுத்து இவ்வளவு தெளிவாக இருந்தால் பெட்டி தேவையில்லை என்றார். இது பழைய வகை, புதிதாக வருவதில்லை, ஆனால் கழற்றியெடுத்த நல்ல ரெம் ஒன்று தன்னிடம் இருக்கிறது என்று உள்ளே போய்த் தேடினார். என் முன்னாலேயே தன் கணினியில் போட்டு ஓட்டிக் காட்டினார். பெட்டியைக் கொண்டுவந்தால் தானே போட்டுத் தருகிறேன் என்று ஒரு தடவை சொன்னார். கலியாண வீட்டுப் பெண்கள் பக்கத்து வீடியோ உள்ளே இருக்கிறது என்று நான் காரணத்தைச் சொன்னதும் அதற்கு மேல் கேட்கவில்லை. தன் போன் நம்பரைத் தந்து, ஏதும் பிரச்சினை என்றால் கதையுங்கள் என்றார்.

பிரச்சினை உடனேயே வந்தது. வீட்டுக்கு வந்து ரெம்மை வெற்று இடத்தில் வைத்து அமத்தி, வயர்களைப் படம் பார்த்துப் பார்த்து மாட்டி, பிஸ்மி சொல்லிப் பொத்தானை அழுத்தினேன். மொனிட்டரில் ஒன்றும் வரவில்லை. பெட்டிக்குள்ளிருந்து நீளமாக ஒரு கீச்சுச் சத்தம். நின்றது. மறுபடி கீச்சு. தங்கை என் முகத்தைப் பார்த்தாள். நான் அவள் முகத்தைப் பார்க்கவில்லை. பெட்டிக்குள்ளே அந்தப் பெண்ணின் கலியாணம் முழுவதும் இருந்தது. அது அழிந்துபோயிருந்தால் அந்த உம்மாவின் முன் எப்படிப் போய் நிற்பேன்?

கழற்றித் திரும்பப் போட்டோம். அதே கீச்சு. கடைக்காரருக்குப் போன் எடுத்துச் சொன்னேன். அவர் பதறவில்லை. முதலில் ஹார்ட் டிஸ்க்குக்கு ஒன்றும் ஆகாது, அதை நினைத்துப் பயப்பட வேண்டாம் என்றார். நான் கேட்காமலே அவர் அதைச் சொன்னதற்காக இன்றைக்கும் அவருக்கு துஆச் செய்கிறேன். பிறகு வீட்டில் பள்ளிக்கூடப் பிள்ளைகள் இருக்கிறார்களா என்று கேட்டார்.

"அழிறப்பர் ஒண்டு எடுங்க ராத்தா. ரெண்டு ரெம்மையும் கழட்டி, அந்த மஞ்சள் பல்லு இரிக்கிதானே, அதுல மெதுவா தேயுங்க. நம்மட ஊர்க் காத்துக்கு உப்புப் புடிக்கும். மறுகா போடக்குள்ள பயப்படாம அமத்துங்க. ரெண்டு பக்கமும் டக்கெண்டு சத்தம் கேக்கணும்."

மகளின் பழைய பென்சில் பெட்டியில் பாதி தேய்ந்த அழிறப்பர் இருந்தது. பழைய ரெம்மின் பற்களில் தேய்த்ததும் அழிறப்பரில் கறுப்பு இறங்கியது. மங்கிக் கிடந்த மஞ்சள், தோட்டுத் தங்கம் போல மினுங்கத் தொடங்கியது. தங்கை அதைப் பார்த்து, இனி எல்லா நகைக்கும் இதுதான் என்றாள். பயம் கொஞ்சம் குறைந்தது.

அமத்துவதுதான் கஷ்டமாக இருந்தது. எவ்வளவு பலம் போட வேண்டும் என்று தெரியவில்லை. நான் அமத்தினால் மதர்போர்ட் லேசாக வளைவது தெரிந்தது. கை தானாக நின்றுவிடும். "தள்ளுங்க ராத்தா," என்று தங்கை என்னை ஒதுக்கினாள். கொழுக்கட்டையை அச்சில் அமத்துகிற மாதிரி இரண்டு பெருவிரலையும் இரண்டு முனையில் வைத்து ஓர் அழுத்து. டக். மற்றப் பக்கமும் டக். நாங்கள் முதலில் போட்டபோது ஒரு பக்கக் கொக்கி பூட்டுப்படவேயில்லை என்று அப்போதுதான் தெரிந்தது.

பொத்தானை அழுத்தினேன். ஒரு சின்னக் கீச்சு மட்டும் கேட்டது. பிறகு மொனிட்டரில் வெளிச்சம் வந்தது. நான் கதிரையில் இருந்துவிட்டேன். தங்கை பவுடர் பிரஷைக் கையில் பிடித்தபடி நிலத்தில் இருந்தாள். வீடியோவைத் திறந்தேன். உடனே திறந்தது. குரவைக் காட்சிக்குப் போனேன். சாச்சி நாக்கைச் சுழற்றிக் குரவை போட்டு முடித்து, மூச்சு வாங்கி, பக்கத்தில் நின்றவரைப் பார்த்துச் சிரித்தார். அந்தச் சிரிப்பு அந்தக் காட்சியில் இருக்கிறது என்றே எனக்கு அதுவரை தெரியாது. எடுக்கும்போது என் கண்ணில் படவில்லை.

கணவர் அன்றைக்கு நேரத்தோடு வந்தார். கை நிறைய மீன் வைத்த மாலு பணிஸ். சட்டையில் மா படிந்திருந்தபடியால் அவரை அறை வாசலிலேயே நிறுத்திவிட்டோம். திறந்து கிடந்த பெட்டியை அங்கிருந்தே எட்டிப் பார்த்துவிட்டு, பக்கத்தை மூடலாம்தானே என்று மட்டும் கேட்டார். மூடினோம். ஒரு திருகாணி மிச்சம் வந்தது. அது எங்கிருந்து வந்தது என்று இன்றுவரை தெரியாது.

வீடியோவைப் பெண் புறப்படுவதற்கு முன்பே கொடுத்துவிட்டேன். பெண்ணின் உம்மா என்னை இருத்தி வைத்து முழுவதையும் பார்த்தார். இடையில் கணினி பழுதானதையும் அதைக் கடைக்குக் கொடுக்காததையும் சொன்னேன். அவர் கேட்டுக்கொண்டிருந்துவிட்டு எழும்பி உள்ளே போய், முட்டையும் தேங்காய்ப்பாலும் சேர்த்து அவித்த வட்டிலப்பம் கொண்டுவந்து வைத்தார். நன்றி என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை. சொல்ல வேண்டிய அவசியமும் இல்லை.

ஆனால் அவர் மற்றவர்களுக்குச் சொல்லியிருக்கிறார். அடுத்த கிழமை பெண்களுக்கு ஓதிக்கொடுக்கிற ஒரு ஆலிமா, தன் கணினியும் திணறுகிறது, வீட்டில் எடுத்த படங்கள் எல்லாம் அதில் இருப்பதால் யாரிடமும் கொடுக்க விருப்பமில்லை, வந்து பார்க்க முடியுமா என்று கேட்டார். பிறகு நிந்தவூரிலிருந்து ஒரு டீச்சர். கடைக்காரரும் தன்னிடம் வந்து தயங்கி நிற்கிற பெண்களுக்கு, சாய்ந்தமருதில் ஒரு ராத்தா இருக்கிறார் என்று சொல்லத் தொடங்கினார். எனக்குப் பெரிதாக ஒன்றும் தெரியாது என்று எல்லோரிடமும் முன்கூட்டியே சொல்லுவேன். தெரியாததை அவரிடம் போனில் கேட்டுக்கொள்வேன். பத்துப் பெட்டியில் ஏழெட்டுக்குத் தூசியும் உப்பும்தான் நோய்.

போன மாதம் பாண்டிருப்பில் ஒரு தமிழ் இந்து வீட்டுக்குப் போனோம். கடலுக்கு மிகக் கிட்டிய வீடு. வளவில் வலை காய்ந்துகொண்டிருந்தது. அந்த வீட்டுப் பெண் சாரி பிளவுஸ் தைக்கிறவர். நூல்வேலை மாதிரிகளையும், அளவுக்கு வந்த பெண்களின் படங்களையும் கணினியில் வைத்திருந்தார். கணவர் கடலுக்குப் போகிறவர். தங்கைதான் பக்கத்தைத் திறந்தாள். இப்போது திறப்பது அவள் வேலை, நான் போன் லைட்டைப் பிடிப்பேன்.

உள்ளே ரெம்முக்குக் கீழே, மதர்போர்டின் மூலையில் இரண்டு பல்லி முட்டைகள் இருந்தன. வெள்ளை வெளேரென்று, மாத்திரை போல.

அந்த அக்கா குனிந்து பார்த்தார். "ஐயோ, அத ஒண்டும் செய்யாதீங்க," என்றார். "நான் ஒரு இடம் பாக்கிறன்."

தையல் மெஷினுக்கு அடியில் கிடந்த துணித் துண்டுகளில் மெத்தென்று இருந்த ஒன்றைத் தேடி எடுத்து, ஒரு சிரட்டையில் வைத்தார். தங்கை பிரஷின் நுனியால் முட்டைகளை ஒவ்வொன்றாக அதில் உருட்டிவிட்டாள். சிரட்டையை அலுமாரிக்கு மேலே, வெக்கையான மூலையில் வைத்தோம். அதன் பிறகுதான் ரெம்மைக் கழற்றினோம். கணினி திறந்து வருவதற்குள் அந்த அக்கா தேத்தண்ணியும் பொரித்த சூடை மீனும் கொண்டுவந்து வைத்தார். கடற்காற்று ஜன்னலால் வந்துகொண்டிருந்தது. அது உள்ளே என்ன கொண்டுவருகிறது என்று எங்களுக்கு நன்றாகத் தெரிந்திருந்தும், ஜன்னலைச் சாத்த மூன்று பேருக்கும் மனம் வரவில்லை.